வேர்ட்பிரஸும் வாடிக்கையாளர் தளங்களும்

ஓர் இணையதளத்தின் பக்கங்களை, நிரல் எழுதத் தெரியாதவரும் எழுதவும் திருத்தவும் வெளியிடவும் வழிசெய்யும் மென்பொருள், உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படுகிறது. எழுத்தும் படங்களும் ஓரிடத்தில் சேமிக்கப்பட்டிருக்க, வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும் நேரத்தில் இவ்வமைப்பு அவற்றை எடுத்து, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருவில் பொருத்தி, உலாவிக்கு அனுப்பிவைக்கிறது. இவ்வகை மென்பொருள்களுள் இன்று மிகப் பரவலாக வழங்குவது வேர்ட்பிரஸ். மிசெல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்னும் வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அதன் மூலநிரலிலிருந்து கிளை பிரித்து மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003 மே 27 அன்று வெளியிட்ட இம்மென்பொருள், உலகின் இணையதளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலானவற்றை இயக்குவதாக இணையத் தொழில்நுட்பங்களைக் கணக்கெடுப்போர் கூறுகின்றனர்.

இதன் மூலநிரல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுவதால், எவரும் அதைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதே உரிமம், மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்பதையும், அதனால் நேரும் இழப்புக்கு எழுதியவர் பொறுப்பேற்கமாட்டார் என்பதையும் ஒளிவுமறைவின்றித் தெரிவிக்கிறது. தன் வலைப்பதிவைத் தானே நிறுவி, தானே எழுதி, தானே பழுது பார்த்துக்கொள்பவருக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது. ஏனெனில் நிறுவுபவர், பயன்படுத்துபவர், பொறுப்பாளர் மூவரும் அங்கே ஒருவரே. ஒரு பள்ளியோ, மருத்துவமனையோ, ஜவுளிக்கடையோ தனக்கொரு தளத்தை வேறொருவரிடம் பணம் கொடுத்து அமைத்துக்கொள்ளும்போது நிலைமை மாறிவிடுகிறது. நிரலை எழுதியவர்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். தளத்தை அமைத்த நிறுவனம் கடைசித் தவணையைப் பெற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. தளத்தின் உரிமையாளருக்கோ உள்ளே என்ன ஓடுகிறது என்பது தெரியாது. வாடிக்கையாளர் தளங்களில் வேர்ட்பிரஸ் காட்டும் குறைகளுள் பெரும்பாலானவை, ஒருவர் கையில் இருக்க வேண்டிய பொறுப்பு இப்படி மூன்று கைகளில் பிரிந்து, எவர் கையிலும் இல்லாமற்போவதிலிருந்தே பிறக்கின்றன. நிரலின் அமைப்பிலேயே உள்ள சில முடிவுகள் இந்தப் பிரிவை இன்னும் ஆபத்தாக்குகின்றன என்பதால், அவற்றைத் தனித்தனியே பார்ப்பது அவசியமாகிறது.

முதலாவதும் பெரியதும் செருகுநிரல் பற்றியது. வேர்ட்பிரஸின் மையநிரல் வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்பட்டிருக்கிறது. தொடர்புப் படிவம், கடை, பலமொழி வசதி, தேடுபொறிக்கான குறிப்புகள் போன்றவை எல்லாம் பிறர் எழுதிய செருகுநிரல்களாகவே சேர்க்கப்படுகின்றன. மையநிரல் தன் வேலையின் குறிப்பிட்ட கட்டங்களில், அதாவது ஒரு பதிவு சேமிக்கப்படும்போதோ ஒரு பக்கம் காட்டப்படும்போதோ, செருகுநிரல்களை அழைத்து இடையில் புக அனுமதிக்கிறது. இந்த நெகிழ்ச்சியே வேர்ட்பிரஸின் வெற்றிக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், உள்ளே வந்த செருகுநிரலுக்கு எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. கைபேசியில் ஒரு செயலி கேமராவைப் பயன்படுத்த வேண்டுமானால் பயனரின் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கிறது. வேர்ட்பிரஸிலோ, கட்டுரையின் அடியில் ஒரு பொத்தானை வைப்பதற்காக நிறுவப்பட்ட சிறு செருகுநிரலும் தரவுத்தளம் முழுவதையும் படிக்கலாம், பயனர் கணக்குகளை உருவாக்கலாம், வழங்கியில் உள்ள கோப்புகளை மாற்றலாம். மையநிரலுக்கு உள்ள அத்தனை அதிகாரமும் அதற்கும் உண்டு. ஆகவே ஒரு தளத்தின் பாதுகாப்பு, அதில் உள்ள செருகுநிரல்களுள் மிகவும் கவனக்குறைவாக எழுதப்பட்டது எதுவோ அதன் அளவுக்கே இருக்கும்.

2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற செருகுநிரலில் வெளிப்பட்ட பழுது இதற்குத் தெளிவான சான்று. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்டிருந்த அது, வழங்கியில் உள்ள கோப்புகளைக் கையாள எல்ஃபைண்டர் என்ற மற்றொரு திறந்த மூலநிரல் தொகுப்பைப் பயன்படுத்தியது. அத்தொகுப்போடு மாதிரிக்காக ஒரு கோப்பு வந்தது. தவறுதலாகக்கூட இயங்கிவிடக் கூடாது என்பதற்காக அதன் பெயரின் இறுதியில் ‘டிஸ்ட்’ என்ற ஒட்டு சேர்க்கப்பட்டிருந்தது. செருகுநிரலை எழுதியவர்கள் அந்த ஒட்டை நீக்கி, வேர்ட்பிரஸின் அடிப்படை மொழியான பிஎச்பியில் அமைந்த, வழங்கி நேரடியாக இயக்கக்கூடிய கோப்பாக அதை விட்டுவைத்தார்கள். உள்நுழைவு எதுவும் கேட்காத அந்தக் கோப்பின் வழியே எவரும் தம் நிரலைத் தளத்தில் ஏற்றி இயக்க முடிந்தது. ஒரு கோப்பின் பெயரில் செய்த மாற்றம் லட்சக்கணக்கான தளங்களின் கதவைத் திறந்துவைத்தது. அத்தளங்களின் உரிமையாளர்களுள் எத்தனை பேருக்குத் தம் தளத்தில் அப்படியொரு செருகுநிரல் இருந்தது தெரிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், குறையின் ஆழம் விளங்கும்.

கவனக்குறைவைக் காட்டிலும் கவலை தருவது உரிமை மாற்றம். செருகுநிரல்களுள் பல, தனியொருவர் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுத்தவை. அவற்றைப் பராமரிக்கும் சுமை கூடும்போது, யாராவது விலைக்குக் கேட்டால் அவர் விற்றுவிடுவது இயல்பே. இரண்டு லட்சம் தளங்கள் அளவில் பயன்பாட்டில் இருந்த டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற செருகுநிரல் 2017-இல் அவ்வாறு கைமாறியது. புதிய உரிமையாளர் வெளியிட்ட பதிப்புகளில், வெளியிலிருந்து விளம்பரக் குப்பையைத் தளத்தில் புகுத்தும் நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தக் குப்பை, உள்நுழைந்திருக்கும் பயனரின் கண்ணுக்குப் படாதவாறு எழுதப்பட்டிருந்ததால், தன் தளத்தை நிர்வாகியாகவே பார்த்துப் பழகிய உரிமையாளருக்கு எதுவும் தவறாகத் தோன்றவில்லை. வந்துபோகும் பொதுமக்களுக்கு மட்டுமே அது தெரிந்தது. அச்செருகுநிரல் வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வச் செருகுநிரல் தொகுப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீக்கப்பட்டு, மீண்டும் சேர்க்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில்தான் முடிவாக அகற்றப்பட்டது. தொகுப்பிலிருந்து அகற்றப்பட்டாலும், ஏற்கெனவே நிறுவப்பட்ட தளங்களிலிருந்து செருகுநிரல் தானாக நீங்குவதில்லை; ‘இது திரும்பப் பெறப்பட்டது’ என்ற எச்சரிக்கையைத் தள உரிமையாளருக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடும் அப்போது மையநிரலில் இல்லை.

பழுது கண்டறியப்பட்டுத் திருத்தம் வெளியான பிறகும், அது ஒவ்வொரு தளத்தையும் சென்றடைய ஒரு கால இடைவெளி இருக்கிறது. திறந்த மூலநிரலில் இந்த இடைவெளிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு; திருத்தப்பட்ட நிரலையும் பழைய நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதைத் தாக்குபவரும் கண்டுகொள்ளலாம். 2016 டிசம்பரில் வெளியான 4.7-ஆம் பதிப்பில், வெளி நிரல்கள் தளத்தோடு பேசுவதற்கான இடைமுகம் முழு அளவில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. பதிவைத் திருத்த வேண்டுமென்று கேட்பவர் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். 123 என்ற எண்ணோடு வேண்டுமென்றே ஓர் எழுத்தை ஒட்டி ஒருவர் அனுப்பினால், அனுமதியைச் சோதிக்கும் பகுதி அப்படியொரு பதிவே இல்லை என்று முடிவுசெய்து, ‘இல்லாத பதிவுக்கு அனுமதி எதற்கு’ என்பதுபோல் கோரிக்கையைக் கடந்துபோகவிட்டது. அடுத்து வந்த பகுதியோ, ஒட்டியிருந்த எழுத்தை உதிர்த்துவிட்டு 123-ஆம் பதிவை எடுத்துத் திருத்திக்கொடுத்தது. இரண்டு பகுதிகளும் தனித்தனியே சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தன. ஒரே உள்ளீட்டை அவை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டதே பிழை. 2017 ஜனவரி 26 அன்று திருத்தம் வெளியானது. தளங்கள் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதற்காகப் பழுதின் விவரம் சுமார் ஒரு வாரம் வரை மறைத்துவைக்கப்பட்டது. அவ்வளவு முன்னெச்சரிக்கைக்குப் பிறகும், புதுப்பிக்கப்படாத தளங்களில் பல லட்சம் பக்கங்கள் அடுத்த சில நாள்களுக்குள் சிதைக்கப்பட்டன.

வேர்ட்பிரஸுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று இது. திரீஸ் பாய்டார்ட் தொடங்கிய துருப்பல் என்னும் மற்றொரு திறந்த மூலநிரல் அமைப்பில், 2014 அக்டோபர் 15 அன்று ஒரு கடுமையான பழுது அறிவிக்கப்பட்டுத் திருத்தமும் கூடவே வெளியிடப்பட்டது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, முதல் அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தப்படாத துருப்பல் 7 தளம் ஒவ்வொன்றும் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று கூறியது. அந்த ஏழு மணி நேரம் இந்தியக் கடிகாரத்தில் இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கி, விடிகாலை நாலரைக்கு முடிந்துவிட்டது. அலுவலகங்கள் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்த அந்த இரவில், பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாத ஒரு வாடிக்கையாளர் தளத்தைத் திருத்தியிருக்கக்கூடியவர் எவர்?

தானியங்கிப் புதுப்பிப்பே இதற்கு விடை என்று சொல்லப்படுவதுண்டு. மையநிரலின் சிறு திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும் ஏற்பாடு 2013-இல் வெளியான 3.7-ஆம் பதிப்பிலும், செருகுநிரல்களுக்கும் அதை இயக்கிக்கொள்ளும் வசதி 2020-இல் 5.5-ஆம் பதிப்பிலும் வந்தன. இவை பெரும் நன்மை செய்திருக்கின்றன என்பது உண்மை. ஆயினும், ஒரு செருகுநிரலின் புதிய பதிப்பு மற்றொன்றோடு முரண்பட்டால் தளம் வெற்றுத் திரையாகிவிடக்கூடும்; கடையின் பணம் செலுத்தும் பக்கம் நள்ளிரவில் உடைந்து, மறுநாள் மாலைவரை எவருக்கும் தெரியாமல் இருக்கக்கூடும். அதற்கு அஞ்சித் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைக்கும் நிறுவனங்கள் ஏராளம். அப்படி நிறுத்திவைத்துவிட்டு, கையால் புதுப்பிக்கும் வேலையையும் எவரிடமும் ஒப்படைக்காமல் விடுவதே மிக மோசமான நிலை. வாடிக்கையாளர் தளங்களில் பரவலாகக் காணப்படுவதும் அதுவே. தளம் உடைந்தால் நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பி மீட்புக்கு வழிகாட்டும் ஏற்பாடு 2019-இல் சேர்க்கப்பட்டது. அந்த மின்னஞ்சல் முகவரியோ, தளத்தை அமைத்துக்கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போன ஓர் ஊழியருடையதாக இருந்தால், எச்சரிக்கை எவரையும் சென்றடைவதில்லை.

அடுத்தது தரவுத்தளத்தின் அமைப்பு. வலைப்பதிவுக்கெனப் பிறந்த மென்பொருள் என்பதால், வேர்ட்பிரஸ் எல்லாவற்றையும் ‘பதிவு’ என்ற ஒரே அச்சில் பார்க்கிறது. பக்கம், படம், பட்டி, ஒரு பொருளின் விவரம் எல்லாமே ஒரே பதிவு அட்டவணையில் வரிசைகளாக அமர்கின்றன. பதிவுக்குத் தலைப்பும் உடலும் நாளும் தவிர வேறு பண்புகள் வேண்டுமானால், அவை உபதரவு அட்டவணை எனத்தக்க மற்றோர் இடத்தில், பண்பின் பெயர் ஒரு கட்டத்திலும் அதன் மதிப்பு மற்றொரு கட்டத்திலுமாக, பண்புக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் எழுதப்படுகின்றன. எந்தப் பண்பையும் முன்கூட்டித் திட்டமிடாமல் சேர்க்கலாம் என்பது இதன் வசதி. விலை, தேதி, பெயர், முகவரி எதுவானாலும் மதிப்புக் கட்டத்தில் வெறும் எழுத்துத் தொடராகவே கிடப்பதும், அக்கட்டத்துக்குச் சுட்டுவரிசை, அதாவது தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற துணை ஏற்பாடு, இல்லாததும் இதன் விலை. ‘ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்த, நீல நிற, கையிருப்பில் உள்ள சேலைகள்’ என்று ஒருவர் தேடினால், மூன்று பண்புகளுக்காக ஒரே பெரிய அட்டவணையை மூன்று முறை தன்னோடு தானே இணைத்து, எழுத்தாகக் கிடக்கும் விலையை எண்ணாக மாற்றி ஒப்பிட வேண்டியிருக்கிறது. நூறு பொருள்கள் உள்ள கடையில் இது உறைக்காது. பல்லாயிரம் பொருள்களும் ஆர்டர்களும் சேர்ந்துவிட்ட கடையில் பக்கம் திறக்கவே நேரமாகிறது. வேர்ட்பிரஸின் மேல் இயங்கும் பெரிய கடைச் செருகுநிரலான வூகாமர்ஸ், 2011-இல் தொடங்கிய தன் பயணத்தில் பல ஆண்டுகள் ஆர்டர்களையும் இதே அட்டவணைகளில் வைத்திருந்து, 2023 அக்டோபரில் வெளியான 8.2-ஆம் பதிப்பில்தான் புதிய கடைகளுக்குத் தனி அட்டவணைகளை இயல்பாக்கியது.

இதே தரவுத்தளத்தில் இன்னொரு பழக்கமும் வேர்விட்டிருக்கிறது. பல மதிப்புகளைக் கொண்ட ஓர் அமைவை ஒரே கட்டத்தில் திணிக்க, பிஎச்பி மொழி அதை ஒரு நீண்ட எழுத்துத் தொடராக மடக்கித் தருகிறது. அந்தத் தொடரில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும்; நீளம் கணக்கிடப்படுவது பைட் என்னும் அலகில். திரையில் மூன்று எழுத்தாகத் தெரியும் ‘தமிழ்’ என்ற சொல், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து ஒருங்குறிப் புள்ளிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால், அதன் முன்னால் 15 என்று குறிக்கப்படும். சோதனை முகவரியில் கட்டப்பட்ட தளத்தை உண்மையான முகவரிக்கு மாற்றும் நாளில், தரவுத்தளத்தை ஒரு கோப்பாக இறக்கி, பழைய முகவரி வரும் இடமெல்லாம் புதியதைப் போட்டு மீண்டும் ஏற்றினால், சொல் மாறியிருக்கும், முன்னால் உள்ள எண் பழையதாகவே இருக்கும். எண்ணும் சொல்லும் ஒத்துப்போகாத தொடரை பிஎச்பி விரித்துத் தர மறுத்துவிடுவதால், பக்கவாட்டுப் பட்டைகளும் வார்ப்புருவின் அமைவுகளும் காணாமற்போகின்றன. இதை அறிந்து கையாளும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் தளத்தை அமைத்தவர் விலகிய பின், வழங்கியை மாற்றும் பொறுப்பு அனுபவமற்றவர் கையில் விழும்போதுதான் இந்தப் பொறி வேலை செய்கிறது.

சிறிய குறைகள் சிலவும் உண்டு. குறித்த நேரத்தில் ஒரு பதிவை வெளியிடச் சொன்னால், வேர்ட்பிரஸ் தன்னிச்சையாக விழித்து அதைச் செய்வதில்லை. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் நிலுவையில் உள்ள வேலைகளைப் பார்க்கிறது என்பதால், வருகையாளர் குறைந்த தளத்தில் காலை ஆறு மணி அறிவிப்பு பத்து மணிக்கு வெளியாகலாம். 2018 டிசம்பரில் வந்த 5.0-ஆம் பதிப்பு, எழுதும் திரையையே கட்டங்களாக மாற்றியமைத்தது; பழைய திரையைத் திரும்பக் கொண்டுவரும் செருகுநிரலை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நிறுவிக்கொண்டதிலிருந்து, பயிற்சி பெற்றுப் பழகிய வாடிக்கையாளர்களுக்கு அம்மாற்றம் எவ்வளவு சுமையாக இருந்தது என்பதை ஊகிக்கலாம். பக்கங்களை இழுத்துப்போட்டு வடிவமைக்க உதவும் செருகுநிரல்களுள் சில, தம் வடிவமைப்பைச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் அடங்கிய சுருக்கக் குறிகளாகக் கட்டுரைக்குள்ளேயே எழுதிவைக்கின்றன. பின்னாளில் அச்செருகுநிரலை நீக்கினால், வாசகர் கண்ணில் எழுத்துக்குப் பதில் அந்தக் குறிகளே படுகின்றன. நிரல் திறந்தது என்பதனால் மட்டும் உள்ளடக்கம் சிறைப்படாது என்று நம்புவதற்கில்லை.

அடிப்படை மொழியான பிஎச்பியும் நிற்பதில்லை. அதன் 7.4-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தபின், ஹோஸ்டிங் நிறுவனங்கள் 8-ஆம் வரிசைக்கு மாறத் தொடங்கின. பழைய செருகுநிரல்கள் நம்பியிருந்த சில கட்டளைகள் புதிய வரிசையில் நீக்கப்பட்டிருந்ததால், ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாமல் ஓடிக்கொண்டிருந்த தளங்கள் ஒரே நாளில் நின்றன. துருப்பலில் இந்த மாற்றம் இன்னும் கடுமையானது. 2011 ஜனவரி 5 அன்று வெளியான அதன் 7-ஆம் பதிப்புக்கும், 2015-இல் அடித்தளத்திலிருந்தே மாற்றி எழுதப்பட்ட 8-ஆம் பதிப்புக்கும் இடையே நேர்வழி இல்லாததால், மேம்படுத்துதல் என்பது தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்கு ஒப்பானதாயிற்று. அந்தச் செலவை ஏற்க முடியாத தளங்கள் அவ்வளவு இருந்ததனால், 7-ஆம் பதிப்பின் ஆதரவு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜனவரி 5 அன்று, சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து நிறுத்தப்பட்டது.

இவை எல்லாம் நிரலைச் சார்ந்தவை. 2024-இல் வெளிப்பட்ட குறையோ ஆட்சிமுறையைச் சார்ந்தது. அதன் வீச்சு இன்னும் முழுமையாக உணரப்படவில்லை. இயல்பான அமைப்பில் வேர்ட்பிரஸ் தளம் ஒவ்வொன்றும் செருகுநிரல்களையும் புதுப்பிப்புகளையும் வேர்ட்பிரஸ்.ஆர்க் என்ற ஒரே முகவரியிலிருந்து பெறுகிறது. அது ஓர் அறக்கட்டளையின் சொத்து என்று பலரும் எண்ணியிருந்த நிலையில், அது தம் தனிப்பட்ட உடைமை என்று முல்லன்வெக் அறிவித்தார். அவர் தலைமையிலான ஆட்டோமாட்டிக் நிறுவனத்துக்கும், வேர்ட்பிரஸ் தளங்களுக்கு ஹோஸ்டிங் வழங்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் இடையே வணிகச் சின்னம் பற்றி மூண்ட தகராறில், செப்டம்பர் 25 அன்று அந்நிறுவனத்தின் வழங்கிகளுக்கு அந்த முகவரி அடைக்கப்பட்டது. தகராறில் எந்தப் பங்கும் இல்லாத அதன் வாடிக்கையாளர்கள், தம் செருகுநிரல்களைத் திரைக்குள்ளிருந்து புதுப்பிக்க முடியாமல் நின்றனர். அக்டோபர் 12 அன்று, அந்நிறுவனம் பராமரித்துவந்த, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்கிய அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற செருகுநிரலின் பக்கம் கைப்பற்றப்பட்டு, வேறு பெயரில் ஒரு கிளைநிரல் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கியிருந்த தளங்களுக்குள் அந்த மாற்று நிரல் உரிமையாளரைக் கேட்காமலே வந்துசேர்ந்தது. வழக்கைக் கேட்ட கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றம் டிசம்பர் 10 அன்று இடைக்காலத் தடை விதித்து, பழைய நிலையை மீட்கச் சொன்னது. எந்தத் தரப்பின் கோரிக்கை நியாயமானது என்பது நீதிமன்றத்தின் வேலை. தள உரிமையாளர் அறிய வேண்டியது வேறு: மூலநிரல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், அது வந்துசேரும் குழாய் ஒருவர் கையில் இருக்கிறது.

இத்தனை குறைகளுக்கும் விடையாக மூடிய மென்பொருளுக்கு மாறிவிடலாம் என்று சொல்வது பொருந்தாது. அங்கே இதே பழுதுகள் வெளியே தெரியாமல் இருக்குமேயன்றி, இல்லாமற்போவதில்லை. செய்யக்கூடியது, பொறுப்பை எழுத்தில் வைப்பது. தளம் அமைக்கும் ஒப்பந்தத்திலேயே, புதுப்பிப்பை எவர், எத்தனை நாளுக்குள் செய்வார், படி எடுத்து வைப்பது எங்கே, அதை மீட்டுப் பார்ப்பது எப்போது, நிர்வாகி மின்னஞ்சலும் முகவரிப் பதிவும் யார் பெயரில் இருக்கும், எந்தெந்தச் செருகுநிரல் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்பவை இடம்பெற வேண்டும்; பராமரிப்புக்கான ஆண்டுக் கட்டணம் தளத்தின் விலையிலிருந்து தனியே காட்டப்பட வேண்டும். மாதம் ஒருமுறைகூட மாறாத பத்துப் பக்கத் தளத்துக்குத் தரவுத்தளமே தேவையில்லை. பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடும் நிலையான தள ஆக்கிகள் அதற்குப் போதும் என்பதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்வது தளம் அமைப்பவரின் கடமை.

தமிழில் தளம் நடத்துவோருக்கு இவற்றோடு இன்னும் இரண்டு குறைகள் சேர்கின்றன. தலைப்பிலிருந்து பதிவின் முகவரியை உருவாக்கும்போது வேர்ட்பிரஸ் அதற்கு 200 இடங்களை ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். தமிழின் ஒருங்குறிப் புள்ளி ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய குறியீடாக மாற்றப்பட்டு ஒன்பது இடங்களைப் பிடிக்கிறது. எனவே 22 ஒருங்குறிப் புள்ளிகளோடு முகவரி நிறைந்துவிடுகிறது. ‘உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள்’ என்ற மூன்று சொல் தலைப்பு, ‘உள்ளாட்சித்-தேர்தல்-முடி’ என்பதோடு வெட்டப்படும்; அதே சொற்களில் தொடங்கும் அடுத்த செய்தி, இறுதியில் ஓர் எண்ணை ஒட்டித் தன்னை வேறுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். மற்றொன்று தேடல். மையநிரலின் தேடல், கொடுத்த எழுத்துத் தொடர் அப்படியே எங்கே வருகிறது என்று மட்டும் பார்க்கிறது. ஆங்கிலத்தில் ஒருமைச் சொல்லைத் தேடினால் பெரும்பாலும் பன்மையும் அதற்குள் அகப்பட்டுவிடும். தமிழிலோ வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் ஈறே மாறிவிடுவதால், ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தின்’, ‘மரத்தை’ என்று எழுதிய கட்டுரைகளும், ‘வீடு’ என்று தேடுபவருக்கு ‘வீட்டில்’ என்று வரும் பக்கங்களும் கிடைப்பதில்லை. ஒரு செய்தித்தளமோ, நூலகத்தின் அட்டவணையோ, அரசு உத்தரவுகளின் தொகுப்போ இந்தத் தேடலை நம்பியிருந்தால், உள்ளே இருக்கும் எழுத்தில் ஒரு பகுதி வாசகருக்கு இல்லாததாகவே ஆகிவிடுகிறது.

இவ்விரண்டும் தமிழ் அறியாத எவரும் தாமாக உணர்ந்து திருத்தக்கூடியவை அல்ல. மொழியை அறிந்தவர்தாம் சோதனைச் சொற்களைத் தொகுத்து, பழுதை விளக்கி, திருத்தத்தை எழுத முடியும். சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் வாடிக்கையாளர் தளங்களை நாள்தோறும் கட்டிக்கொண்டிருக்கும் நிரலர்கள், உருபு ஏற்ற சொற்களையும் கண்டறியும் தமிழ்த் தேடலை ஒரு செருகுநிரலாக எழுதி இலவசமாக வெளியிட வேண்டும். முகவரியின் நீளத்தைக் கூட்டும் திருத்தத்தை மையநிரலின் பழுதுப் பதிவேட்டில் சான்றுகளோடு வலியுறுத்த வேண்டும். அப்பதிவேட்டில் ஒரு கணக்கைத் தொடங்கவும் திருத்தம் அனுப்பவும் கட்டணம் கிடையாது.